கெசையா அத்தையின் வலது கை

ஊரைச் சிரிக்க வைப்பதற்கென்றே பிறந்தவர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் கனெக்டிகட்டில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். அதில் அச்சில் ஏறி, மேடையில் ஏறி, சுருட்டுப் பெட்டியின் மூடியில் படமாக ஒட்டப்படும் அளவுக்கு வளர்ந்தவர் அபூர்வம். அப்படி ஒருவரைத்தான் இப்போது கட்டிலில் கிடத்திப் பார்க்கப் போகிறோம். பயப்படாதீர்கள், வலி அவருக்குத்தான்.

அறிகுறிகள் சுலபம். பணக்காரர்களைக் கிழித்து எழுதுவார். எழுதுகிற அறைக்கு மட்டும் இரண்டு கணப்பு இருக்கும். தேவாலயத்தைக் கேலி செய்வார். ஞாயிறன்று முன்வரிசையில் தம் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் முகம் சிறுத்துப் போகும். புகழ் பெரும் தொல்லை என்பார். ரயிலில் நடைமேடைப் பக்கத்துச் சன்னலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டு, "ஏன்தான் இப்படி உத்துப் பார்க்கறாங்களோ" என்று அலுத்துக்கொள்வார். எங்கோ ஒரு நகரத்தில் வண்டிக் குதிரையை அடித்தார்கள் என்று படித்தால் போதும், கண்ணீர் விட்டு நான்கு பத்தி எழுதிவிடுவார். பக்கத்து அறையில் பல்வலியோடு கிடக்கும் மனைவி தண்ணீர் கேட்பது மட்டும் அந்தக் காதில் விழாது.

முக்கியமான அறிகுறி இன்னும் ஒன்று. உலகத்தையே கேலி செய்பவர், தம்மைக் கேலி செய்தால் படுத்துவிடுவார். சும்மா சொல்லவில்லை. போர்வை, சுடுநீர்ப் புட்டி எல்லாம் வேண்டும்.

ஒபதியா ஃபிஞ்ச் இந்த இனத்தின் முழு வளர்ச்சி. மிசிசிப்பிக் கரையில் வெறுங்காலோடு வளர்ந்தவர் என்று பெயர். ஆற்றின் ஒவ்வொரு மணல்திட்டும் தமக்கு மனப்பாடம் என்பார். அவர் புத்தகங்களில் ஆறு ஓடும், படகு ஓடும், பின்னாலேயே வாசகர்களும் ஓடுவார்கள். மேடையில் கடைசியாகச் சொல்வது எப்போதும் ஒரே கதை: கெசையா அத்தை ஆற்றில் குதித்த கதை.

மூடுபனியில் நீராவிப் படகு போய்க்கொண்டிருக்கிறது. கொதிகலனில் ஒரு குழாய் வெடித்து ஆவி சீறுகிறது. "மூழ்கறோம்!" என்று அலறிய கெசையா அத்தை, தண்ணீரில் மிதக்க வைக்கும் தக்கைச் சட்டைகளை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டிக்கொண்டு, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லி விடைபெற்று, வலது கையை வானத்தைப் பார்க்கத் தூக்கியபடி குதிக்கிறாள். தண்ணீர் முழங்கால் அளவு. படகு மணல்திட்டில் தட்டி நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. அத்தைக்கு அது தெரியாது. தூக்கிய கையோடு நின்று வேதாகமத்துச் சங்கீதங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த இடத்தில் பாஸ்டனில் ஒரு நீதிபதி நாற்காலியிலிருந்து விழுந்தார் என்று கேள்வி.

கெசையா அத்தை யார்? ஃபிஞ்சின் மனைவி லெட்டிஷியாவுக்கு டார்க்கஸ் டட்டில் என்று ஓர் அக்கா. கல்யாணம் ஆகாமல் தங்கை வீட்டோடு இருப்பவள். அவள்தான் என்று நெருங்கிய விருந்தாளிகளின் காதில் ஃபிஞ்ச் ரகசியமாகப் போட்டுவைப்பார். ஒரு பள்ளி ஆசிரியர் டார்க்கஸைப் பார்க்க இரண்டு ஞாயிறு வந்தார். காதில் ரகசியம் விழுந்தது. மூன்றாம் ஞாயிறு வரவில்லை. அன்று படகில் உண்மையில் நடந்தது என்னவென்று அந்த வீட்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பத்தொன்பது வருஷமாக ஒருத்தி வாயைத் திறக்கவில்லை, இன்னொருவர் மூடவில்லை.

இப்போது டார்க்கஸுக்கு நாற்பத்தெட்டு. வெர்மான்டிலிருந்து ரூஃபஸ் கிரேன் என்று ஓர் அடுப்பு வியாபாரி, மனைவியை இழந்தவர், மூன்று ஞாயிறாக வந்துகொண்டிருந்தார். நான்காவது ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். டார்க்கஸுக்குச் சொந்தமாக ஒரு சமையலறை வேண்டும். தன் சாவியால் பூட்டித் திறக்கிற ஒரு வாசல் வேண்டும். கிரேனையும் பிடித்திருந்தது. காலையிலேயே ஃபிஞ்சின் அறைக்குப் போனாள்.

"ஒபதியா, கெசையா நான்தான்னு இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சொல்லாம இருங்க."

"சத்தியமா வாயே திறக்கமாட்டேன், டார்க்கஸ்."

"சாப்பிடத் திறங்க. அதுக்கு மேல வேண்டாம்."

கிரேன் வந்தார். வந்ததும் சாப்பாட்டு அறை அடுப்பின் புகைக் கதவை அரை அங்குலம் நகர்த்திவிட்டுத்தான் தொப்பியைக் கழற்றினார். அளந்து பேசுகிற மனிதர். ஆனால் பாருங்கள் விதியை, அவர் ஃபிஞ்சின் பரம ரசிகர். வறுத்த பன்றியிறைச்சி முடிந்து பூசணிப் பணியாரம் வருவதற்குள் கேட்டேவிட்டார்.

"மிஸ்டர் ஃபிஞ்ச், அந்தக் கெசையா அத்தை கதை... உங்க வாயாலயே ஒரு தடவை கேட்கணும்."

கேட்டால் சும்மா இருப்பாரா? சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு தொடங்கினார். ஆனால் கிரேனுக்குக் கதை மனப்பாடம். ஒவ்வொரு வேடிக்கை வரும்போதும், தணல் அள்ளிப் போடுகிற மாதிரி உணர்ச்சியே இல்லாத குரலில், அதை ஒரு மூச்சு முந்திச் சொல்லிவிட்டார். மேசையில் இருந்தவர்கள் அவருக்குத்தான் அதிகம் சிரித்தார்கள். தன் சிரிப்பை இன்னொருவன் அறுவடை செய்வதை இந்த இனம் தாங்காது. ஃபிஞ்சின் காது சிவந்தது.

கிரேன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. "நல்லவேளை, கதையோட போச்சு. இப்படிப்பட்ட பொம்பளையை வீட்ல வச்சுக்க முடியுமா? அடுப்பு கொஞ்சம் புகைஞ்சாலே சன்னல் வழியா குதிச்சிருவா" என்றார்.

டார்க்கஸ் நிமிர்ந்து ஃபிஞ்சைப் பார்த்தாள். உள்நாட்டுப் போரின்போது இரண்டு வருஷம் காயம்பட்டவர்களின் தலைமாட்டில் நின்றவள் அவள். வாந்தி எடுக்கப் போகிறவனின் முகம் அவளுக்குத் தெரியும்: உதடு ஈரமாகும், கண் எங்கோ நிலைகுத்தும். நல்ல நகைச்சுவை வரப்போகிறவனின் முகமும் அதேதான். இரண்டையும் தடுக்க முடியாது. பாத்திரத்தைச் சரியான இடத்தில் பிடிக்கத்தான் முடியும்.

பிடித்தாள்.

"மிஸ்டர் கிரேன், கெசையா அத்தைன்னு இவர் சொல்றது என்னைத்தான்."

லெட்டிஷியாவின் கரண்டி தட்டில் விழுந்தது. நாக்கு நுனிவரை வந்ததைப் பறிகொடுத்த ஃபிஞ்ச், திறந்த வாயோடு இருந்தார். கிரேன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். டார்க்கஸ் வெர்மான்ட் ரயில் கிளம்பும் நேரத்தை மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

"அப்படின்னா உங்களை ஒண்ணு கேட்கலாம்" என்றார் கிரேன். "பதினோரு தடவை படிச்சிருக்கேன், மிஸ் டட்டில். ஒண்ணு மட்டும் புரியல. பயந்து போனவங்க ரெண்டு கையாலயும் எதையாவது கட்டிப் பிடிச்சுக்குவாங்க. அந்த அத்தை எதுக்கு வலது கையைத் தூக்கிக்கிட்டே நிக்கறா?"

"அது கலை, மிஸ்டர் கிரேன்!" என்றார் ஃபிஞ்ச் அவசரமாக.

டார்க்கஸ் குழம்புக் கிண்ணத்தைக் கிரேன் பக்கம் நகர்த்தினாள். "சுருட்டுப் பெட்டி நனையக் கூடாதுல்ல?"

எல்லாரும் ஃபிஞ்சைப் பார்த்தார்கள். வாய்க்குப் போகும் வழியில் சுருட்டோடு நின்றுபோயிருந்தது அவருடைய வலது கை.

முதலில் சிரித்தவள் லெட்டிஷியா. இருபத்திரண்டு வருஷ இல்லறத்தில் கணவர் சொல்லாத வேடிக்கைக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றார் கிரேன்.

"ஆவியில வெந்துபோன கொதிகலன்காரனுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன். முடிச்சதும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு இறங்கிப் போய் இவரைக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டார். 'நான் மூழ்கிட்டு இருக்கேன், தொந்தரவு பண்ணாதே'ன்னார்."

கிரேன் சத்தமில்லாமல் குலுங்கினார். பிறகு அடைபட்ட புகைபோக்கி திறந்தது போல் வெடித்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"வெந்த புண்ணுக்கு என்ன போட்டீங்க?"

"ஆளிவிதை எண்ணெயும் சுண்ணாம்புத் தண்ணியும்."

"அதேதான் போடணும்" என்றார் கிரேன், தம் தழும்பேறிய விரல்களைப் பார்த்துக்கொண்டே. வெர்மான்ட் பக்கம் இதைவிடச் சிருங்காரமாக யாரும் பெண் கேட்டதில்லை.

ஃபிஞ்ச் மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. நாடி நன்றாகத்தான் இருந்தது. மாட்டிறைச்சிச் சாறு கொண்டுபோனவள் டார்க்கஸ். வேறு யார் இருக்கிறார்கள்?

"ஒரு மனுஷனைக் கேலி பண்றதுக்கு ஓர் எல்லை வேண்டாமா, டார்க்கஸ்?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"வேணும்தான். சாறு ஆறுது, குடிங்க."

மே மாதம் கல்யாணம். ஃபிஞ்ச்தான் வாழ்த்திப் பேசினார். உண்மையாகவே அழுதார். அந்த இனத்தில் இதுவும் உண்டு: அழுகை பொய்யே இல்லை. இலையுதிர் காலத்தில் மறுபடி மேடை ஏறினார். இப்போது ஆற்றில் குதிப்பவர் வெர்மான்டைச் சேர்ந்த ஓர் அடுப்பு வியாபாரி. சங்கீதம், தக்கைச் சட்டை, முழங்கால் தண்ணீர் எல்லாம் அப்படியே. கை மட்டும் தூக்குவதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். விருந்தாளி வந்தால் எடுத்துவிடுவதற்கு உங்கள் வீட்டிலும் ஒரு கதை இருக்குமே, கொழுந்தியாளோ மாமனாரோ அசடு வழிந்த கதை? அடுத்த முறை அதைத் தொடங்கும்போது, எதிரில் குழம்புக் கிண்ணத்தோடு இருப்பவர் சிரிக்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்கவில்லையென்றால், தூக்கியிருக்கும் கையை மெதுவாக இறக்கிவிடுவது உடம்புக்கு நல்லது.