முள்கரண்டியால் நனையாத கை

சேசு மரி சூசை துணை

பாளையங்கோட்டை
20.11.97

அன்புள்ள தம்பி அம்புரோஸுக்கு,

அக்கா ஜெசிந்தா எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்கி, அங்கு உன் நலமறிய ஆவல் என்று தொடர்வதுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த முறை. அந்த இரண்டு வரியையும் எழுதிவிட்டதாக வைத்துக்கொள். உன் அத்தான் சௌக்கியம். மழை உண்டு. ஆற்றில் தண்ணீர் சிவப்பாகப் போகிறது. குழாயிலும் அதே நிறத்தில் வருகிறது. இனி விஷயம்.

போன சனிக்கிழமை கொச்சியில் உன் கப்பலில் எங்கள் நாலு பேருக்கும் போட்ட சிங்கிறால் விருந்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதக் கூடாது என்று பொறுத்திருந்தேன். பொறுத்ததில் கோபம் ஆறவில்லை, வரிசையாக அடுக்கிக்கொண்டது, அவ்வளவுதான். நீ அந்தக் கப்பல் அடுக்களையில் வேலை பார்ப்பவன், மனம் வருந்துவாய் என்று தெரியும். வருந்து. லிண்டாவைக் கட்ட வேண்டும் என்று நாலு வருடமாக எனக்கு எழுதிக்கொண்டிருப்பவன் நீதானே, அந்தக் கலியாணம் இப்போது உங்கள் கப்பல் சிங்கிறாலில் வந்து சிக்கிக்கொண்டு நிற்கிறது.

நீ கடலோடே இருப்பவன், ஊர் முறை மறந்திருக்கும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால் காப்பித்தண்ணியோடு எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்து சோற்றில் கை வைத்தார்கள் என்றால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பெயர்தான் கை நனைப்பது. நனைத்த பிறகு பேச்சு மாறினால் அவர்கள் ஊரில் தலைகாட்ட முடியாது. அப்பா அம்மா போன பிறகு நம் வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆகவே பாளையங்கோட்டைக்கு என் வீட்டுக்கு வாருங்கள் என்று லிண்டாவின் அப்பா தொம்மை அண்ணாச்சியை நான்தான் அழைத்தேன். அவர் கேட்கவில்லை. "உங்க வீடு உங்க வீட்டுக்காரர் வீடுல்லா டீச்சர். அம்புரோஸ் இருக்கது கப்பல்ல. அப்போ கப்பல்தான் மாப்பிள்ளை வீடு. அதைக் காட்டுங்க, பாக்குதேன்" என்றார். சிங்கிறால் வியாபாரி. படகிலிருந்து வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, உயிரோடு தூத்துக்குடி கம்பெனிக்கு அனுப்புகிறவர். கப்பலில் சிங்கிறால் விருந்து என்று நீ எழுதியதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, இனி லிண்டா நம் வீட்டுப் பெண்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததைக் கேள். வெள்ளைக்காரர்கள் நடுவில் உனக்குக் குறைச்சல் வந்துவிடக் கூடாது என்று, முள்கரண்டியும் கத்தியும் கடையில் வாங்கி வாடகைக் காரிலேயே எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். நாகர்கோவில் தாண்டியதிலிருந்து கொச்சி வரை அண்ணாச்சி வாழைப்பழத்தை முள்கரண்டியால் குத்தித்தான் சாப்பிட்டார். அவர் மனைவி அந்தோணியம்மாள் மதினி, "குலுங்குத கார்ல கண்ணுல குத்திக்கிடப் போறாக" என்று ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். உன் அத்தான் வடையை வெட்டப் போய் அது டிரைவர் மடியில் விழுந்தது. ஆனாலும் ஆலப்புழை வருவதற்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள். நான் நன்றாகவே சொல்லிக் கொடுத்துவிட்டேன், தம்பி. இருபது வருடம் வரலாறு சொல்லிக் கொடுத்ததில் இவ்வளவு பலன் ஒரு நாளும் கிடைத்ததில்லை.

கப்பலைக் குறை சொல்ல மாட்டேன். கம்பளமும் கண்ணாடியும் பியானோ வாசித்த அம்மாளும் எல்லாம் அழகு. மதினிக்குத்தான், கட்டிப் போட்ட கப்பலிலேயே தலை சுற்றிவிட்டது. "நீ அசையலைட்டி, கப்பலும் அசையலை" என்று அண்ணாச்சி எத்தனை சொல்லியும் காய்ந்த ரொட்டியைத் தவிர எதையும் தொடவில்லை. பிறகு சிங்கிறால் வந்தது. வெள்ளித் தட்டில், பாதியாகப் பிளந்து, சிவப்பு ஓடு மினுங்க, சப்பரத்தில் வருகிற சுரூபம் மாதிரி வந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உருக்கின வெண்ணெய், ஒரு எலுமிச்சைத் துண்டு, கொத்தமல்லியைப் போல ஒன்று, வாசனை மட்டும் இல்லை. சோறு கிடையாது. குழம்பு கிடையாது. அண்ணாச்சி நான் சொல்லிக் கொடுத்தபடி முள்கரண்டியை இடது கையில் பிடித்து, கத்தியை வலது கையில் பிடித்து, ஊன்றினார். உள்ளே போகவில்லை. கொஞ்சம் பலமாக ஊன்றினார். அந்தத் துண்டு எம்பிப் போய்ப் பக்கத்து மேசையில் விழுந்தது. அந்த மேசை வெள்ளைக்காரர் நல்ல மனிதர். தன் முள்கரண்டியால் எடுத்து, அண்ணாச்சியின் தட்டில் திரும்ப வைத்துத் தலை குனிந்தார். அண்ணாச்சியும் எழுந்து நின்று தலை குனிந்தார். பிறகு உட்கார்ந்து அதை வாயில் போட்டு மென்றார். மென்றார். பியானோ அம்மாள் ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கினாள், அப்போதும் மென்றுகொண்டிருந்தார். நானும் ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன். என் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கடித்துத் துப்பும் அழிரப்பருக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அழிரப்பரில் உப்பு கொஞ்சம் உண்டு. உன் அத்தான் என் காதில் பைய, "சோத்துக்குச் சிங்கி அடிக்கதுன்னு சொல்லுதாங்களே, அது இதுதானா?" என்றார். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்து, வெண்ணெய் மூக்கில் ஏறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நீ முழ நீளத் தொப்பியோடு வந்து, "எப்படி மாமா இருக்கு சிங்கி?" என்று கேட்டாயே, எதற்குக் கேட்டாய்? அண்ணாச்சி உன்னை மேலும் கீழும் பார்த்தார். "தொப்பி நல்லா இருக்கு" என்றார். பாதிக்கு மேல் தட்டிலேயே கிடந்தது. கடைசியில் எலுமிச்சை போட்ட வெந்நீர்க் கிண்ணம் வைத்தார்கள், அதில் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டோம்.

சரி, ருசி எப்படியானால் என்ன, சாப்பிட்டாயிற்றே என்று செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு லீவு போட்டு, உன் கலியாண ஒப்பந்தத்துக்கு நாள் குறிக்கத் திசையன்விளை பஸ் ஏறி, அங்கிருந்து அவர்கள் ஊருக்குப் போனேன். அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "டீச்சர், நான் கை நனைக்கவே இல்லையே."

"சாப்பிட்டீங்கள்லா அண்ணாச்சி?"

"சாப்பிட்டேன். எதுல சாப்பிட்டேன்? முள்ளுல சாப்பிட்டேன். முள்ளுதான் நனைஞ்சுது. வேணும்னா முள்ளுக்குக் கலியாணம் பேசுங்க."

விடுவேனா நான். மதினி ரொட்டியைக் கையால்தானே பிய்த்தார் என்றேன். காய்ந்த ரொட்டியில் கை எப்படி நனையும் என்றார். எலுமிச்சைத் தண்ணீரில் ஐந்து விரலையும் முக்கினீர்களே, அதைவிட நனைப்பது எது என்றேன். "அது கழுவுனது. கை நனைக்கதும் கை கழுவுததும் ஒண்ணா? சேசுவைச் சாவக் குடுத்துட்டுப் பிலாத்து என்ன செஞ்சான்? படிச்ச உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார். திரும்பி வரும்போது அவர்கள் பங்குச் சாமியாரிடம்கூடக் கேட்டேன். சின்ன வயதுக்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். யோசித்துவிட்டு, "திருச்சபைச் சட்டத்துல முள்கரண்டியப் பத்தி ஒண்ணும் இல்லையே டீச்சர்" என்றார்.

ஆனால் முள்கரண்டி ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். வாசல் வரை வந்து வழியனுப்பும்போது அண்ணாச்சி தெருவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான் உயிரோட அனுப்புதேன் டீச்சர். மீசை ஆடிக்கிட்டே போவும். அதை வாங்கி அங்கன இப்படி விறைக்க வச்சித் தட்டுல வைக்கானுவோ. எம் பிள்ளையையும் உயிரோடத்தான் அனுப்பப் போறேன்." தூத்துக்குடியில் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒரு பையனின் வீட்டார் அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை லிண்டாவைப் பார்க்க வருகிறார்களாம். அவர்கள் வீட்டில் வாழை இலையும் சோறும் போடுவார்கள். முள்கரண்டி இருக்காது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அந்தப் பக்கத்து மேசை வெள்ளைக்காரரை இனி நான் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. அவர் என்ன நினைப்பாரோ என்று, வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டியவர்களின் கையை நான் கட்டிப் போட்டிருக்கிறேன். இத்தனை படித்தும் நான் யாருக்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. சரி, அதை நான் தனியாக யோசித்துக்கொள்கிறேன். இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகப் படி.

உன் கப்பல் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மறுபடி கொச்சிக்கு வருகிறது. தூத்துக்குடிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள். அண்ணாச்சியிடம் கெஞ்சி, "இன்னொரு தரம் வந்து பாக்குதேன், அதோட சரி" என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு எங்கள் மேசைக்குச் சோறு வர வேண்டும். குழம்பு வர வேண்டும். குழம்பு தண்ணீராக, விரலிடுக்கில் இறங்கி மணிக்கட்டு வரை ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். சிங்கிறாலைப் போட்ட பிறகு ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிட வேண்டும். உங்கள் ஆட்கள் முழு ஜெபமாலையும் சொல்லிப் பிரார்த்தனையும் பாடியிருக்கிறார்கள். தேங்காயும் சீரகமும் நானே அரைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவருகிறேன். வெண்ணெய்க் கிண்ணம் கண்ணில் படக் கூடாது. முள்கரண்டி, கத்தி எதுவும் மேசையில் இருக்கக் கூடாது. இருந்தால் அவை என் கைப்பைக்குள் போய்விடும், உங்கள் கப்பலில் என்னைத் திருடி என்று பிடித்தாலும் கவலையில்லை. உன் தலைமைச் சமையல்காரர் சம்மதிக்க மாட்டார் என்று எழுதாதே. அவர் எந்த நாட்டுக்காரர் என்று மட்டும் எழுது, அந்த நாட்டு மொழியில் ஒரு கடிதம் எழுதித் தர இந்தப் பாளையங்கோட்டையில் நான் ஆள் பிடிக்கிறேன். இந்தக் கலியாணம் நடக்கும். நான் நடத்துவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கப்பல் மேல்தட்டில் ஈரத்தலையோடு நிற்காதே. நம் அப்பா அம்மாவின் ஆசீரும் பரலோக மாதாவின் காவலும் நீ போகிற கடலெல்லாம் உன்னோடு வரட்டும்.

அன்புடன்,
அக்கா ஜெசிந்தா

பி.கு.: உறையில் முகவரி எழுதுவதற்காக உன் அத்தானிடம் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "ஜெசி, இது போவ வேண்டாம்" என்றார். ஏன் என்றேன். விடாமல் குடைந்ததில் எல்லாம் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பி வருகையில் வள்ளியூரில் நானும் மதினியும் பூசைக்குப் போனோம். டயரில் காற்று இறங்குகிறது, பார்த்துவிட்டு வருகிறோம் என்று ஆண்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டார்கள். டயருக்கு ஒன்றும் இல்லையாம். கப்பலை விட்டு இறங்கும்போது, தட்டில் மீந்த சிங்கிறாலையெல்லாம் வெள்ளித்தாளில் சுற்றி நீ அத்தான் கையில் கொடுத்தாயாமே. பஸ் நிலையத்துக்கு எதிரே நூர்முகம்மது பாய் கடையில் அதைக் கொடுத்து, வெங்காயம் போட்டுக் கல்லில் கொத்தி, சால்னா ஊற்றி, ஆப்பத்தோடு இரண்டு பேரும் தின்றிருக்கிறார்கள். அண்ணாச்சி இலையை வழித்து, மணிக்கட்டு வரை நக்கி, "வே, மாப்பிள்ளை வீட்டுச் சிங்கி அருமைவே. பூசையை விட்டுட்டுத் தின்னோம்னு பொம்பளைகளுக்குத் தெரிஞ்சா கொன்னுருவாளுக, மூச்சு விடாதேயும்" என்றாராம். ஆகவே மேலே எழுதிய எதையும் நீ படிக்க வேண்டாம். நான் இப்போது திசையன்விளை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். கை நனைத்ததை ஒத்துக்கொள்கிறாரா, இல்லை அன்றைக்குப் பூசை நேரத்தில் எங்கே இருந்தார் என்று மதினியிடம் சொல்கிறாரா என்று அண்ணாச்சியை நேரிலேயே கேட்டுவிடுகிறேன். தை மாதத்துக்கு லீவு எழுதிப் போடு.