ஏகாதசி உருண்டை

உருண்டை பிடிக்க வரவில்லை. பேரீச்சம்பழமும் அத்திப்பழமும் மிக்ஸியில் கூழாகி, சூடாமணியின் பத்து விரல்களையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டிருந்தன.

செல்போன் வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே தட்டு நிறைய உருட்டி அடுக்கியிருந்தாள். அடுப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், நெய் வேண்டாம் என்றாள். கை கழுவ எத்தனை வாளித் தண்ணீர் வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

"ஆச்சா?" வாசலில் ராமானுஜம் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "கபாலி ஆட்டோவோட கீழே நிக்கறான்."

"ஏகாதசியும் அதுவுமா அவசரப்படுத்தாதீங்கோ. எல்லாம் உங்களுக்காகத்தான்."

முந்திரியை அரைத்துக் கொட்டினாள். அது எண்ணெய் விட்டுக்கொண்டு இன்னும் குழைந்தது. வால்நட்டை உடைத்துப் போட்டாள். சேற்றில் கல் பதித்த மாதிரி ஆயிற்று. கடைசியில் மருமகள் ஸஹானா அலமாரியில் வைத்திருந்த நீல மூடி டப்பா கண்ணில் பட்டது. பாதாம் பொடி. பாதியைக் கவிழ்த்தாள். அடுத்த நிமிஷம் உருண்டைகள் கோலிக்குண்டு போலத் திரண்டு வந்தன.

"பெருமாள் கண் திறந்துட்டார்" என்று எவர்சில்வர் சம்புடத்தில் அடைத்துக் கொடுத்தனுப்பினாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ராமானுஜத்துக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் மாதவப் பெருமாளிடம் ஒன்று வேண்டிக்கொண்டாள். இவர் பிழைத்து எழுந்தால் ஒவ்வொரு ஏகாதசியும் அன்னம் தொடாமல், ஒரு மணி தானியம் உள்ளே போகாமல் விரதம் இருப்பார் என்று. வேண்டிக்கொண்டது அவள், இருக்கவேண்டியது அவர். மயக்கத்தில் இருந்தவரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் மனுஷர் ஒரு நாள்கூட முணுமுணுத்ததில்லை. ஏகாதசியன்று காலையில் கிளம்பினால் கோயிலிலேயே உட்கார்ந்து பாராயணம் பண்ணிவிட்டு, சாயங்காலம் முகமெல்லாம் தெளிவாகத் திரும்புவார். பட்டினி கிடந்தவர் மாதிரியே இருக்காது. அந்த விரதம்தான் அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று சூடாமணி உறுதியாக நம்பினாள்.

"அம்மா, குழந்தை சாய்சரணுக்குக் கஞ்சி போடணும். ஓட்ஸ் பொடி பாதிதான் இருக்கே?" ஸஹானா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"எந்த ஓட்ஸ்?"

"இதோ, நீல மூடி."

"அது பாதாம் பொடின்னா!"

"பாதாம் பச்சை மூடிம்மா."

சூடாமணிக்குக் காது அடைத்துக்கொண்டது. "ஓட்ஸ்... தானியமோ?"

"ஆமாம்மா, கோதுமை மாதிரி. ஏன் கேக்கறேள்?"

"பெருமாளே!" அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷ விரதம், அவள் கையாலேயே!

கணவருக்கு போன் போட்டாள். பூஜை அலமாரியிலிருந்து மணி அடித்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கபாலிக்குப் போட்டாள்.

"ஐயா எறங்கிட்டாரும்மா. இன்னா விசயம்?"

"நீ உடனே வா. ஒண்ணும் கேக்காதே."

வந்தான். அவன் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, அந்தப் பதற்றத்திலும் காலையில் மிஞ்சிய இரண்டு இட்லியை நீட்டினாள்.

"வேணாம்மா. வவுறு சரியில்ல."

இவனுக்கு அடிக்கடி இப்படி ஆகிறது, நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டச் சொல்லவேண்டும் என்று நினைத்தபடியே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஏறினாள். இன்னும் சாப்பிடாமல் இருந்தால் சம்புடத்தைப் பிடுங்கிக்கொண்டு பழத்தைக் கொடுத்துவிடலாம்.

"கோயிலுக்கு விடு. சீக்கிரம்!"

"கோயிலுக்கா?" கபாலி கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "வூட்லயே இரும்மா, நான் ஐயாவக் கூட்டியாறேன்."

"விடுன்னா விடு!"

அபிராமபுரத்திலிருந்து மயிலாப்பூருக்கு அன்று ஆட்டோ ஊர்ந்துதான் போனது. வழக்கமாகப் பஸ்ஸோடு பந்தயம் விடுகிறவன், சைக்கிளுக்கெல்லாம் வழிவிட்டான்.

கோயிலில் பிரகாரம் முழுக்கத் தேடினாள். தாயார் சந்நிதியில் இல்லை, பாராயண கோஷ்டியிலும் இல்லை. தெரிந்த மாமி ஒருத்தி, "ராமானுஜமா? ஏகாதசிக்கு அவரை நான் பார்த்ததே இல்லையேடீ" என்றாள்.

மனுஷர் எங்கேயாவது மயங்கி விழுந்து கிடக்கிறாரா?

"கபாலி! அவரை எங்கே இறக்கிவிட்டே?"

"கோயிலாண்டதாம்மா... கொஞ்சம் தள்ளி." அவன் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தான். "வா, வூட்டுக்குப் போவோம். வந்துருவாரு."

லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக வழியை அடைத்திருந்தார்கள். போலீஸ்காரர் இடப்பக்கச் சந்தைக் காட்டினார்.

"சார், அந்தச் சந்து வேணாம் சார்" என்று கபாலி கெஞ்சினான்.

"ஏன், உன் மாமியார் வீடா? போய்யா!"

சந்தில் ஒரு மெஸ். வாசல் பெஞ்சில் வெற்றிலைக்குக் காத்திருப்பவர் மாதிரி சாவகாசமாக ராமானுஜம். முன்னால் வாழையிலை. இலையில் பொடி தோசை.

"நிறுத்து!"

ராமானுஜத்தின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. சட்னி மணிக்கட்டு வரை வழிந்தது.

"ஏன்னா... இது என்ன?"

"தோசை" என்றார், வேறெதுவும் தோன்றாமல்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா." அவர் தலை குனிந்தார். "முதல் ஏகாதசியன்னிக்கே குளக்கரையில மயங்கி விழுந்துட்டேன் சூடா. கபாலிதான் தூக்கிண்டு போனான். இந்த மாத்திரையோட பட்டினி கிடந்தா ஆபத்துன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். உன்கிட்ட சொன்னா, வேண்டுதல் பொய்ச்சுடுத்தேன்னு நீ தினம் தினம் செத்துப்போவே. மனசு வரலை."

அவளுக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. ஓட்ஸுக்காக ஓடி வந்தவளுக்கு முன்னால் முழுத் தோசை. "அப்போ பெருமாளுக்கு நான் கொடுத்த வாக்கு? ஐயோ, அந்த உருண்டையில ஓட்ஸ் விழுந்துடுத்தேன்னு நான் இப்படிப் பதறிண்டு வந்தேனே! ஒரு பொட்டுத் தானியம் பட்டாலே விரதம் போச்சுன்னு..."

பின்னால் டங்கென்று சத்தம். ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்த எவர்சில்வர் சம்புடம் கபாலியின் கையிலிருந்து நழுவி, காலியாக ரோட்டில் உருண்டது.

"ஓட்ஸா? இன்னாம்மா இப்டிப் பண்ணிட்ட! ஐயாவுக்குப் பதிலா மூணு வருசமா ஒரு ஏகாதசி வுடாம வெரதம் இருக்கறது நானு... அல்லா உருண்டையும் இப்பதாம்மா துன்னேன்!"