மொளகா டாக்டரும் ஊதா கோட்டு வக்கீல்களும்

வாழ்நாளில் ஒரு விவாதத்தில்கூடத் தோற்காத மனிதர் கடலூரில் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் மொளகா டாக்டர்தான். அவர் பல் டாக்டர். எதிராளியின் வாயில் பஞ்சும் கொக்கியும் இருக்கும்போதுதான் விவாதத்தை ஆரம்பிப்பார்.

கரண்ட் போனால் கோபம். வந்தால், "இப்ப எதுக்கு வந்துச்சு?" என்று கோபம். நெல்லிக்குப்பம் பக்கமிருந்து கரும்பு கடித்துப் பல் உடைந்து வருகிறவர்களை, "கரும்பக் கடிக்க வாய் இருக்கு, பல்லு வெளக்கக் கை இல்லியா?" என்று வரவேற்பார். கூட்டம் மட்டும் குறையவில்லை. கை அவ்வளவு சுத்தம்.

ஆனால் அவருடைய பெருங்கோபம் கேமரா கம்பெனிகள் மேல்தான். 2007-ல், தன்னிடம் இருந்த காரை விற்று, வெளிநாட்டிலிருந்து ஒரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வரவழைத்தார். அது தானாக ஃபோகஸ் செய்யாது. கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். காரில் போன மனிதர், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் தொங்கினார்.

"மத்த கேமராவப் பாருங்க சார்," என்றார், என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே. "நாப்பது பட்டன், மெனுவுக்குள்ள மெனு! ஃபோட்டோ எடுக்கறானா, ரயிலுக்கு ரிசர்வேஷன் பண்றானா? இதுல ஒரு வளையம், ஒரு திருகு, ஒரு பட்டன். இதான் டிசைன். இல்லங்கறீங்களா?"

"ஆ..." என்றேன்.

"ஒத்துக்கறீங்க இல்ல? அதான்."

அந்த டிசைனில் ஒரு வினோதம். மெமரி கார்டை மாற்ற, கேமராவின் அடித்தகடு முழுவதையும் கழற்றியாக வேண்டும். பிச்சாவரத்தில் படகில் போகும்போது டாக்டர் தகட்டைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டார். படகு ஆடியது. "யோவ்!" என்று படகுக்காரரைத் திட்ட வாயைத் திறந்தார். தகடு தண்ணீருக்குள். 'அடிமூடி இல்லை' என்று திரையில் எழுத்து வந்தது. "ஏன், எனக்குத் தெரியாதா?" என்று கேமராவோடு சண்டைக்குப் போனார். புதுத் தகடு வர ஒரு மாதம் ஆயிற்று.

அவருடைய மனைவி மல்லிகா அக்காவின் தம்பி சேகர், சிதம்பரம் கீழவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சேகரின் மகள் கல்யாணத்துக்குத் தான்தான் படம் எடுப்பேன் என்று டாக்டர் அடம்பிடித்தார். சம்பந்தி வக்கீல். கோர்ட்டிலிருந்து கருப்பு கோட்டோடு ஒரு படையே ரிசப்ஷனுக்கு வந்தது.

ஆல்பத்தைப் பிரித்தால், அத்தனை கோட்டும் கத்தரிக்காய் நிறம். அந்த மாடலின் பிறவிக்குறை அது. சிலவகைக் கருப்புத் துணி அதற்கு ஊதாவாகத்தான் விழும். லென்ஸ் முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டச் சொல்லியிருந்தது கம்பெனி. டாக்டர் மாட்டவில்லை.

"என்னங்க இது, எங்கள பேண்டு வாசிக்கறவங்க மாதிரி எடுத்திருக்கீங்க?" என்றார் சம்பந்தி.

"கருப்பாதான்யா இருக்கு! கண்ணு தெரியலன்னா மச்சான் கடையில கண்ணாடி வாங்கிப் போடுங்க!"

"மாமா, அது ஊதாதான்," என்றார் சேகர்.

"உன் பொழப்பே கண்ணு தெரியாதவன நம்பித்தான்டா நடக்குது!"

கல்யாணப் பெண் அழுதாள். அன்றோடு மாமாவுக்கும் மச்சானுக்கும் பேச்சு நின்றது. அக்கா தம்பி வீட்டுக்குத் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

இரண்டு வருடத்தில் புது மாடல் வந்தது. பெரிய சென்சார், கருப்பு கருப்பாகவே விழும். "மாத்திடலாமே டாக்டர்," என்றேன், வாய் மூடியிருந்த தைரியத்தில்.

"எதுக்கு? அதே உடம்பு, அதே கண்ணாடி, அதே அடித்தகடு! உள்ள இருக்கற சில்லு மட்டும்தான் புதுசு. உடம்பு என்கிட்ட இருக்கு, சில்ல மட்டும் குடுடாங்கறேன். குடுக்க மாட்டானாம். ஒரு பல்லு சொத்தைன்னா தாடையவே மாத்தச் சொல்றேனா நான்?"

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் அவருடைய படங்கள் மங்கின. இரண்டு உருவமும் ஒன்றுசேர மறுத்தன. பழுது பார்க்க அனுப்பினார். குறை ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது.

"திருட்டுப் பசங்க! புதுச விக்கறதுக்குப் பழசக் கெடுக்கறானுங்க!"

ஒரு நாள் நான் இருக்கும்போதே மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் ஒருவருக்குச் சொத்தைப் பல்லை விட்டுப் பக்கத்துப் பல்லில் குடையக் கருவியை வைத்துவிட்டார். அவர் பதறி டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கத்தவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கடைசியில், புது மாடலையே பார்த்துவிடலாம் என்று டாக்டரும் நானும் சென்னைக்குக் கிளம்பினோம். அக்கா யாரையும் கேட்காமல் சேகரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஆளுக்கொரு பக்கம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள். "தண்ணி வேணுமான்னு கேளுங்க சார்," என்று நடுவில் நான்தான் தபால்.

கடையில் புதுக் கேமராவில் கண்ணை வைத்த டாக்டர் அலறினார். "இதுவும் சேரல! புதுசுலயே கோளாறா?"

சேகர் வாங்கிப் பார்த்தார். மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"மாமா, கோளாறு கேமராவுல இல்ல. உங்க கண்ணுல பொர விழுந்திருக்கு. கல்யாணத்தப்பவே சந்தேகம் எனக்கு."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க? மூஞ்சிலயே முழிக்காதன்னுட்டீங்க."

டாக்டர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு ஒருத்தருக்கு வேர் வரைக்கும் குடையணும்டா மச்சான்," என்றார். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

"வேணாம் மாமா. மொதல்ல கண்ணப் பாத்துரலாம்."

பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. சொட்டுமருந்து எரிகிறது என்று டாக்டர் திட்டத் திட்ட, சேகர்தான் கூடவே இருந்து ஊற்றினார். கட்டைப் பிரித்த அன்றே டாக்டர் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். புரை விழுந்த கண்ணுக்கு ஊதா சரியாகத் தெரியாதாம். ஒரு பக்கம் புரட்டினார். "அடப்பாவி, கத்தரிக்கா!"

"புது கேமரா வாங்கலியா டாக்டர்?" என்றேன்.

"லென்ஸு மாத்தியாச்சு சார். உடம்பு இதே போதும்."

அடுத்த ஞாயிறு சிதம்பரம் போனோம். சேகரின் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். டாக்டர் நேராக அவளிடம் போனார். "ஏம்மா, பெரியவன் தப்பு பண்ணா அழுதுட்டு நிக்கறதா? எதுத்துக் கேக்க மாட்டியா? மன்னிச்சிரு!" இது திட்டா, மன்னிப்பா என்று புரியாமல் அவள் சிரித்துவிட்டாள்.

பிறகு எங்கள் எல்லாரையும் வாசலில் நிறுத்தினார். "மச்சான், வயித்த உள்ள இழு! சார், அது என்ன சிரிப்பு, பல்லு பிடுங்க வந்தவரு மாதிரி?"

அந்தப் படம் என் மேஜைமேல் இருக்கிறது. அதில் டாக்டர் இல்லை. ஆனால் எங்கள் எல்லார் முகத்திலும் உள்ள அந்தச் சிரிப்பு, அவரைத் தவிர வேறு யாராலும் வர வைத்திருக்க முடியாத சிரிப்பு.