யுபிஎஸ் அண்ணனும் தனிக்குடித்தன சாஃப்ட்வேரும்

கம்ப்யூட்டருக்கு மரியாதை கொடுப்பதில் யுபிஎஸ் அண்ணனை மிஞ்ச தர்மபுரி மாவட்டத்தில் ஆளே கிடையாது. அரூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எங்கள் லேப் உதவியாளர். கரண்ட் போனால் யுபிஎஸ்ஸுக்கு முன்னால் இவர் அலறுவார், அதனால் அந்தப் பெயர். பிரின்ஸ்பாலையே "வாப்பா" என்பவர், மெஷினிடம் "எந்திரிங்க சாமி" என்பார். ஒருநாள் பிரின்ஸ்பால் கால் தெரியாமல் சிபியு மேல் பட்டுவிட்டது. "தொட்டுக் கும்புடுப்பா" என்று வழியை மறித்துக்கொண்டார். பாவம், அவரும் கும்பிட்டார்.

நான் அங்கே கணிதத் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில்தான், வருடா வருடம் வேலை தொங்கும். அந்த வருடம் மதிப்பீட்டுக் குழு வருகிறது. கணித சாஃப்ட்வேரில் நான் கயிற்று முடிச்சு ஒன்றைச் சுழலும் படமாக வரைந்து காட்டினால் வேலை நீடிக்கும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

படத்துக்கு, சாஃப்ட்வேரோடு கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல், ஒரு பேக்கேஜ் வேண்டும். குழு வரும் நாள் காலையில் நான்கு தடவை ஏற்றினேன். கம்ப்யூட்டர் "ஏறிவிட்டது" என்றது. சாஃப்ட்வேரோ "அப்படி ஒன்று இல்லவே இல்லை" என்றது. குழு வர அரைமணி நேரம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

யுபிஎஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "எங்க ஏத்துனம்மா?"

"கம்ப்யூட்டர்லதாண்ணே."

"அங்க ஏத்துனா இந்த சாஃப்ட்வேர் சாமிக்கு எப்புடிம்மா தெரியும்? இவுரு தனிக்குடித்தனம். அடுப்பு, சட்டி, அரிசி, பருப்பு எல்லாம் உள்ளாரயே வெச்சிருக்காரு. நீ பக்கத்து வூட்ல சோறாக்கி வெச்சிட்டு இவுரு திங்கலன்னு அழுவுற!"

சாஃப்ட்வேருக்கென்றே இருக்கும் கட்டளைத் திரையைத் திறந்து, அதற்குள்ளிருந்தே ஏற்றினார். வரிகள் ஓடின. "மெதுவா வாங்க, அவசரமில்ல" என்றார் அதனிடம். எனக்குத்தான் உயிர் போனது. பிறகு சாஃப்ட்வேரை ஒருமுறை மூடித் திறந்தார். குழு உள்ளே நுழையவும் திரையில் முடிச்சு சுழலவும் சரியாக இருந்தது.

"பிரமாதம்! யார் செட் பண்ணது?" என்றார் குழுத் தலைவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "மேடந்தான்பா. நான் ஃபேன் போட வந்தவன்."

அவர்கள் போன பிறகு, "ஏண்ணே பொய் சொன்னீங்க?" என்றேன்.

"எனக்கு வேல பர்மனென்ட்டு. உனுக்கு?"

சொல்லிவிட்டு மானிட்டரைத் துடைக்கப் போய்விட்டார். கூடப்பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. அன்றிலிருந்து அந்தக் குறையும் இல்லை.