ஆள் எண்ணி

பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காவல்காரர் கதவுக்கு மேலே பார்த்தார். பெட்டியில் சிவப்பு எழுத்து மின்னியது. உள்ளே: 1.

"எவண்டா உள்ள?" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போயாயிற்று. வாத்தியார்களும் கிளம்பியாயிற்று. பொழுது சாய்கிற நேரம், கரண்டும் இல்லை. பிள்ளைகள் கருவி செய்து பழகும் கருவி வகுப்பு அறை மட்டும் யாரோ ஒருத்தரை வைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தது.

இந்தப் பெட்டிக்கு 'ஆள் எண்ணி' என்று பெயர். பிள்ளைகள் செய்தது. வாசலில் மிதியடி, அதற்கு அடியில் இரண்டு தகடு. வெளித்தகட்டை முதலில் மிதித்தால் கணக்கில் ஒன்று கூடும். உள்தகட்டை முதலில் மிதித்தால் ஒன்று குறையும். அவ்வளவுதான் அதன் மூளை. ஒரு பழைய பைக் பேட்டரியில் ஓடியது.

செய்ததற்குக் காரணமே காவல்காரர்தான். போன மாதம் ஓவிய வாத்தியாரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மனுஷன் விடிய விடியக் கத்தித் தொண்டை கட்டி, இன்னும் சைகையில்தான் பாடம் நடத்துகிறார். "இன்னொரு தடவை ஆளை வெச்சுப் பூட்டினீங்கன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிடுங்க" என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். பெட்டி சைபர் காட்டாதபோது தாழ்ப்பாளைத் தள்ளினால் அதோடு சேர்த்து வைத்த சங்கு ஊதி ஊரைக் கூட்டும். பூட்டாமல் போனால் உள்ளே இருக்கிற மோட்டாரும் செம்புக்கம்பியும் காலையில் இருக்காது. அப்படியும் வேலை போகும், இப்படியும் போகும்.

மனுஷன் பொய் சொன்னால் முழியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பெட்டிக்கு முழி ஏது?

டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே போனார். மேசைக்கு அடியில் பார்த்தார், அலமாரிக்குப் பின்னால் பார்த்தார். பிள்ளைகள் அரைகுறையாக விட்ட காற்றாடி ஒன்று, காற்றே இல்லாமல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. "சனியனே" என்று விரலால் அதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

உள்ளே: 1.

கருவி வாத்தியாருக்கு போன் போட்டார். அவர் பஸ்ஸில் இருந்தார்.

"சார், உங்க பெட்டி பொய் சொல்லுது."

"என்ன காட்டுது பெரியவரே?"

"ஒண்ணு."

"அப்ப ஒருத்தர் இருக்காங்க."

"தேடிட்டேன் சார். ஈ காக்கா இல்ல."

"அப்ப சரியாத் தேடலை."

"சைபர் ஆக்குறதுக்கு ஒரு பொத்தான் கிடையாதா?"

"வெக்கலாம்னுதான் இருந்தேன். பிள்ளைங்க வேண்டாம்னுட்டாங்க. பொத்தான் இருந்தா தினமும் அதை அமுக்கிட்டுப் போயிடுவீங்களாம்."

"பேட்டரியைப் பிடுங்கினா?"

"சங்குக்குத் தனி பேட்டரி. அதுவும் அவங்க யோசனைதான்."

போன் அறுந்தது. இல்லை, அறுத்துவிட்டார். வாத்தியார்களை என்றைக்கு நம்ப முடிந்தது?

வராந்தாவில் படுத்திருந்த நாயை எழுப்பி, மோப்பம் பிடி என்று உள்ளே துரத்தினார். நாய் மிதியடியை மிதித்துக்கொண்டு போனது. உள்ளே: 2. நடு அறையில் நின்று, ஆளில்லாத ஒரு நாற்காலியை அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது. திடீரென்று வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டது. பெஞ்சில் ஏறி, கம்பி இல்லாத பின் ஜன்னல் வழியாகத் தாவி ஓடியே போய்விட்டது.

"வந்த வழியா வந்து தொலையக் கூடாதா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெட்டி இரண்டிலேயே நின்றது.

வராந்தாவைத் துடைத்து முடித்து, ஈரக் கையோடு பெருக்குகிறவள் வந்தாள்.

"என்னண்ணே, பூட்டோட பேசிட்டிருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னார்.

"உள்ள போனா கூடுது, வெளிய வந்தா குறையுது. அவ்வளவுதானே? வாசல் வழியாப் போகாம, வாசல் வழியா வெளிய வந்தா?"

காவல்காரர் வாசல் வழியே பின் ஜன்னலைப் பார்த்தார். "உனக்கு இருக்கிற மூளைக்கு நீ திருடப் போயிருக்கலாம் தங்கச்சி."

"பாராட்டா, திட்டா?"

"ரெண்டும்தான். இந்தா டார்ச். வாசல்ல நின்னு நம்பரைப் பாரு. மிதியடியை மட்டும் மிதிச்சிடாதே."

ஜன்னலுக்கு வெளியே செங்கல் அடுக்கி ஏறினார். உள்ளே கம்பிச்சுருள் பெட்டிக்குள் தலைகுப்புற விழுந்தார். பாத்திரக்கடை கவிழ்ந்த சத்தம்.

"உசுரோட இருக்கீங்களா அண்ணே?" வாசலில் அவள் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள்.

"சிரிக்காதே!" முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வாசல் வழியாக வந்தார். "இப்ப எவ்வளவு?"

"ஒண்ணு! இன்னும் ஒரே ஒரு தடவைண்ணே."

இரண்டாம் தடவை ஏறும்போது செங்கல் சரிந்தது. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. இடுப்பு போச்சு என்று நினைத்த நேரம், உள்ளிருந்து ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. ஜில்லென்ற கை, ஆனால் நல்ல பிடி. மூட்டையை இறக்குவதுபோல் அலுங்காமல் அவரைத் தரையில் இறக்கிவிட்டது. மூச்சு வாங்கியதில் அவருக்குப் பேச்சு வரவில்லை. முதல் தடவை சிரித்தவளுக்கு இப்போது மனசு இளகிவிட்டது போலிருக்கிறது. ஜன்னல் கதவைச் சாத்திக் கொக்கி போட்டார். இருட்டில் தடவித் தடவி வாசலுக்கு வந்தார். அதற்குள் அவள் டார்ச்சோடு வெளியே நின்றிருந்தாள். வேகக்காரி.

"சைபர்ண்ணே! இந்தத் தடவை சத்தமே இல்லாம வந்துட்டீங்களே?"

"எல்லாம் உன் கைராசி" என்றார்.

தாழ்ப்பாளைத் தள்ளினார். சங்கு ஊதவில்லை. பூட்டை மாட்டி இழுத்துப் பார்த்தார். உள்ளே காற்றாடி கிர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றியது. சுற்றட்டும். சைபர் என்று பெட்டியே சொல்லிவிட்டது, இனி எவன் கேட்டாலும் பெட்டியைக் காட்டலாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மெஷினை அவர் முழுசாக நம்பினார்.

கேட்டை நோக்கி இருவரும் நடந்தார்கள்.

"மிதியடியை மிதிக்காதேன்னு சொன்னேன், நீ கேக்கலை. நல்லதுக்குத்தான். நீ மட்டும் கை குடுத்துத் தூக்கலைன்னா என் இடுப்பு அங்கேயே போயிருக்கும்" என்றார் காவல்காரர். "ஆனா கையை என்ன ஐஸ்லயா வெச்சிருந்தே?"

அவள் நின்றுவிட்டாள்.

"நான் எங்கண்ணே கை குடுத்தேன்? வாசலை விட்டு நான் அசையவே இல்லையே!"