விழுந்து கும்பிட்டவள் எழவில்லை

உடம்பு இளைக்க இரண்டு நாள் போதாது. இது இன்றைக்குச் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை. (தவளையை அறுத்து, தசை எது நரம்பு எது என்று படம் வரைந்து பாகம் குறித்தவள் நான். மானம் போகிறது!)

எங்கள் கல்லூரியில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. வகுப்பு. நான் மட்டும் "வயித்து வலி மேடம்" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் பி.டி. மேடம், "ஏம்மா, மத்தவங்களுக்கெல்லாம் மாசத்துக்கு ஒரு வாட்டிதான் வருது. உனக்கு மட்டும் வாராவாரம் வருதா?" என்று மைதானத்துக்கே கேட்கும்படி கேட்டார். அதற்கும் நான் அசைந்து கொடுக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவளை அசைத்தது ஒரு போட்டோ.

பொழிச்சலூரிலிருந்து ஒரு வரன், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா சொன்னாள். "எனக்கு இப்ப கல்யாணமெல்லாம் வேணாம்" என்று முறுக்கிக்கொண்டேன். அம்மா கடைக்குப் போனதும் பீரோவைத் திறந்து போட்டோவை எடுத்துப் பார்த்தேன். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு முகம். அவ்வளவுதான், பிடித்துப்போய்விட்டது. பிள்ளையாரப்பா, எப்படியாவது இது அமைந்துவிட வேண்டும் என்று அங்கேயே கும்பிட்டேன். கும்பிட்டு நிமிர்ந்தால் பீரோக் கண்ணாடியில் என் இடுப்பு. இதை வைத்துக்கொண்டா அவர் முன்னால் போய் நிற்பது?

மறுநாள் வெள்ளிக்கிழமை. பி.டி. வகுப்பில் முதல் வரிசையில் போய் நின்றேன். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாங்க மகாராணி!" என்று விசிலை ஊதினார். தோப்புக்கரணம், குதிப்பு எல்லாம் முடிந்து கடைசியில் வாத்து நடை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும். மற்ற பெண்கள் பாதியிலேயே சாய்ந்துவிட்டார்கள். நான் விடவில்லை.

"போதும்மா, மொத நாளே இவ்ளோ வேணாம்" என்று மேடமே கெஞ்சினார்.

"இன்னொரு ரவுண்டு மேடம்" என்றேன். என் நாக்கில் சனி!

சனிக்கிழமை காலை கால்கள் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும்போது இரும்புலியூர் ஸ்டாப்பில் பஸ்ஸிலிருந்து இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். "இன்னாம்மா, எறங்கப் போறியா, இல்ல ஆரத்தி எடுத்துதான் எறக்கணுமா?" என்றார் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை அதைவிட மோசம். அம்மாவிடம் வாயே திறக்கவில்லை. கால் வலியைச் சொன்னால் போட்டோவையும் சொல்ல வேண்டுமே.

சாயங்காலம் அவரும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். புடவைக்குள் காலை நகர்த்தி நகர்த்தி, கேசரித் தட்டை ஒருவழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அப்பாடா என்று திரும்பினால் அம்மா, "பெரியவங்கள விழுந்து கும்புடுடி" என்கிறாள்.

ஐயையோ! இதை எப்படி மறந்தேன்?

தொப்பென்று முட்டி போட்டு, நெற்றியைத் தரையில் வைத்தேன். "நல்லா இரும்மா" என்றார் அவருடைய அப்பா. நான் எழவில்லை. "போதும்மா, எழுந்திரு." எழுந்தால்தானே? தொடை இரண்டும் இறுகிப்போய்க் கிடந்தன. "இந்தக் காலத்துல இவ்ளோ மரியாதையா!" என்று அவருடைய அம்மா பூரித்தது காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், "ஏங்க, பொண்ணு எழுந்திருக்கவே இல்லியே?" என்றது.

என் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று இழுத்தார் அவருடைய அம்மா. "பொண்ணுக்குக் கால்ல ஏதாவது... கொஞ்சம் நடக்கச் சொல்லுங்களேன்."

நடந்தேன். காலை அகட்டி அகட்டி, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. வாத்தேதான். அம்மாவின் முகம் செத்துப்போனது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கால்ல ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை பி.டி. கிளாஸ்ல வாத்து நடை நடந்தேன்" என்று உளறினேன்.

"நீயா? பி.டி. கிளாஸுக்கா? எதுக்குடி?" என்றாள் அம்மா.

"இளைக்கிறதுக்கு."

"எதுக்கும்மா இளைக்கணும்?" என்றார் அவருடைய அம்மா.

நான் அவர் பிள்ளையைப் பார்த்தேன். போட்டோவில் யோசித்துக்கொண்டே இருந்த அந்தச் சிரிப்பு, இப்போது வெளியே வந்துவிட்டது.

"பொண்ணு சொல்றது நிஜம்மா. எங்க காலேஜ்லயும் இது உண்டு. மறுநாள் மாடிப்படி எறங்கறதுக்குள்ள உயிர் போயிடும். இதோ, இப்படித்தான் நடக்கணும்" என்றவர், பேன்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே விட்டார். இரண்டு எட்டு வைத்திருப்பார். முட்டியில் ஒரு சொடக்குச் சத்தம். உட்கார்ந்த மேனிக்கே மாட்டிக்கொண்டார். (பேங்கில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மனுஷன், பாவம்.)

"அம்மா, கொஞ்சம் கை குடேன்."

அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா சேந்துதுங்க ரெண்டும்! கீழ போனா மேல வரத் தெரியல" என்று என் அம்மாவிடம் சொன்னார். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ள நாள் பார்த்துவிட்டார்கள்.

கல்யாணத்தில் நாங்கள் ஒவ்வொருவர் காலிலும் விழும்போது, பின்னால் தூக்கிவிட ஆள் ரெடியா என்று மண்டபமே கேட்கும்படி விசாரித்தவர் என் மாமியார். அன்றிலிருந்து பொங்கல், தீபாவளி எதுவானாலும் எங்கள் வீட்டில் ஆசீர்வாதத்தோடு இந்தக் கிண்டலும் உண்டு.

இப்போது மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நிஜமாகவே முட்டி வலி. போன பொங்கலுக்குச் சேர்ந்து மாமியார் காலில் விழுந்தோம். என் தலையையும் தன் பிள்ளையின் வழுக்கையையும் தடவிப் பார்த்து, "நல்லா இருங்க" என்றார். நாங்கள் தரையில் கையை ஊன்றித் தடுமாறிக்கொண்டிருந்தோம். அவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"யாராவது வாங்கப்பா. இதுங்க ரெண்டும் கீழ போயிடுச்சுங்க."