விருந்தாளிக்கே முதல் மடக்கு

ஒரு காட்டில் சுதந்திரம் வந்து விடிந்த முதல் நாள், செவந்தி என்ற சருகுமான் தன் குட்டியை எழுப்பி, "வாடா, இன்னைக்காவது தெளிஞ்ச தண்ணி குடிப்போம்" என்றது. கடல் தாண்டி வந்து ஆண்ட சிங்கம் இருந்தவரை, அது குடித்து, குளித்து, கலக்கிவிட்டுப் போன பிறகுதான் மற்றவர்கள் குட்டையில் வாய் வைக்க முடியும். அதுவரை கரையில் தலை குனிந்து நிற்க வேண்டும்.

குட்டைக்கரையில் புதுத் தலைவர் மாண்புமிகு கொம்பையா நின்றிருந்தார். பிறப்பால் காட்டுப்பன்றி. கழுத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லைக் கட்டிச் சிங்கம் போலப் பிடரிமயிர் வைத்திருந்தார்.

"வரிசையில நில்லும்மா. வெளிக்காட்டு விருந்தாளிங்க முதல்ல குடிக்கட்டும்."

"சிங்கம்தான் போயிடுச்சேய்யா?"

"அதனாலதான் வடக்கேருந்து புலியையும் கிழக்கேருந்து யானையையும் கூப்பிட்டிருக்கேன். ஒருத்தருக்கு மட்டும் குனிஞ்சா அடிமைத்தனம். ரெண்டு பேருக்கும் சமமாக் குனிஞ்சா நடுநிலைமை!"

யானை இறங்கிப் புரண்டது. யானையிடமிருந்து உங்களைக் காப்பாற்றவே வந்தேன் என்று சொல்லிப் புலியும் இறங்கி, பொழுது சாயும்வரை தண்ணீரிலேயே படுத்துக் கிடந்தது.

காத்திருந்த நேரத்தில் யாரோ, நமக்கென்று ஓர் அடையாளம் வேண்டாமா என்று கேட்டார்கள். கொம்பையா உடனே கூட்டம் போட்டார். மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்ததில், எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்தது ஒன்றுதான்: கரையில் தலை குனிந்து நிற்பது. அதையே தேசியப் பண்பாடாக அறிவித்தார்கள். ஆரவாரம் காதைப் பிளந்தது.

செவந்தியின் முறை வந்தபோது சேறுதான் மிச்சம். நாளும் இதே கதை. சேற்றை நக்கி நக்கிக் குட்டிக்கு எழுந்து நிற்கவே கால் வரவில்லை. பண்பாடாம் பண்பாடு! செவந்தி எல்லை வேலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் விடியுமுன், குட்டியை முட்டி முட்டி நடத்திக்கொண்டு எல்லை வேலிக்கு அடியில் நுழைந்து வெளியே போனது. போன வேகத்தில், நிமிர்ந்த தலையோடு காட்டு வாசல் வழியாக உள்ளே வந்தது.

விருந்தாளிகளை வரவேற்க மாலையோடு நின்ற கொம்பையா கண்ணைச் சுருக்கினார். "எங்க செவந்தி மாதிரியே இருக்கீங்களே?"

"எந்தச் செவந்தி? நாங்க யானைக்காடு. சே, இதையா தண்ணின்னு குடிக்கிறீங்க? எங்க பக்கம் இதுல கால்கூடக் கழுவ மாட்டோம்."

கொம்பையாவின் சந்தேகம் அப்போதே தீர்ந்தது. இவ்வளவு ஏளனமாகப் பேச, பெரிய காட்டில் பிறந்திருந்தால்தான் முடியும். மாலையைப் போட்டுவிட்டுக் குனிந்து வழிவிட்டார். இரவெல்லாம் தெளிந்திருந்த தண்ணீரைக் குட்டி வயிறு முட்டக் குடித்தது.

"எங்க பண்பாட்டைப் பத்தி அங்கே என்ன பேசிக்கிறாங்க?" என்று குழைந்தார்.

"ரொம்பத் தொன்மையானதுன்னு" என்றது செவந்தி, மூக்கைத் துடைத்தபடி. தலைவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

இந்த மாதிரிச் சேதி ஓரிடத்தில் நிற்குமா? மறுநாளே முயல், கீரி, முள்ளம்பன்றி என்று ஊரே வேலிக்கு அடியில் போய் வாசல் வழியாக வந்து, தண்ணீரைக் காறித் துப்பிவிட்டுக் குடித்தது. யானையும் புலியும்கூட விருந்தாளி வரிசையின் வாலில் நிற்க வேண்டியதாயிற்று. மாலை போட்டுப் போட்டுக் கொம்பையாவின் இடுப்பு விட்டுப்போனது.

கடைசி விருந்தாளி கரையேறியபோது, அந்தக் காட்டுக்குக் குடிமகன் என்று மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். குட்டையில் சேறுதான் இருந்தது. சுதந்திரக் காட்டின் பெருமை நெஞ்சில் பொங்க, தொண்டை வறண்டு நின்றார்.

நீதி: சொந்தக் காட்டில் நல்ல தண்ணீர் வேண்டுமானால், அந்நியனாக வந்து அதைக் கேவலமாகப் பேசு, தேசிய அடையாளத்தைத் தலைவர் பார்த்துக்கொள்வார்.